'ரா லுக்' என்று சொல்லி என் 3,85,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

கோவையில் சின்னதாக ஒரு பொட்டிக் வைத்திருக்கிறேன். செங்கல், சிமெண்ட், இரும்பு எதையும் மூடாமல் அப்படியே தெரிய விடும் 'ரா லுக்' அலங்காரம் செய்த கடை. நேற்று காலை கடை திறந்து பார்த்தால், துணி தொங்கவிடும் இரும்புக் குழாயில் மடித்துப் போட்டிருந்த வெள்ளைக் காட்டன் சேலைகளில் மடிப்பு நெடுகத் துருக்கோடு. எண்ணினேன், 14 சேலை. இன்னும் கை நடுங்குகிறது.

மூன்று மாதம் முன்பு, இன்டீரியர் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக அந்த டிசைனர் வந்தார். செயலியின் பேரும் வேண்டாம், அவர் பேரும் வேண்டாம். கேட்லாக் எதுவும் காட்டவில்லை. பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து ஓர் ஓரமாகப் பூச்சைத் தட்டினார். உள்ளங்கை அளவுக்குச் செங்கல் தெரிந்தது. தூசியை ஊதிவிட்டு, "இதைப் போய் மூடி வெச்சிருக்காங்களே மேடம்" என்றார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாமல் விட்ட செங்கல், புதுச்சேரி ஆசிரம விடுதியான கோல்கொண்டேயின் பூசாத கான்கிரீட் என்று அரை மணி நேரம் பேசினார். விழுந்துவிட்டேன். அன்று சாயங்காலமே 1,50,000 அனுப்பினேன். மொத்தம் 3,85,000.

வெளியே தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டும் செங்கல் வேறு, பூசத்தானே போகிறோம் என்று ஏனோதானோவென அடுக்கிய செங்கல் வேறு. இதை இப்போது ஒரு கொத்தனார் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொத்தியதில் பாதிக் கல்லின் முகமே பெயர்ந்துவிட்டது. கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் பாயிண்டிங் இல்லை, ஈரம் ஏறாமல் மேலே அடிக்கும் சீலர் இல்லை. ஒரு மழைக்கே வெள்ளையாக உப்புப் பூத்தது. கை வைத்தால் செம்பொடி. துணிக் கடையில்! எதிர்ச்சுவரின் சிமெண்ட் ஃபினிஷுக்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் விடவில்லை, சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. இரும்புக் குழாய்க்குத் துருப் பிடிக்காமலிருக்க அடிக்கும் லேக்கர் பூச்சும் இல்லை. அதன் பலன்தான் அந்த 14 சேலை.

ஃபோன் செய்தேன். "ரா லுக்னா அப்படித்தான் மேடம் இருக்கும்." உப்பு? "அதுதான் கேரக்டர்." துரு? "சேலைக்கு அடியில ஒரு துணி போடுங்க." அப்புறம் ஃபோனையே எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். செயலிக்காரர்கள் முதலில் "48 மணி நேரத்தில் அழைப்போம்" என்றார்கள், பிறகு "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்றார்கள். கடைசியில், வேலை முடிந்து 7 நாளுக்குள் புகார் தந்திருக்க வேண்டுமாம். ஏழு நாளிலா உப்புப் பூக்கும்? கமிஷன் எடுக்கும்போது மட்டும் அவர் உங்கள் ஆளா? 3,85,000 ரூபாய், நகையை அடகு வைத்த பணம். கட்டட ஓனர் வேறு சுவரைப் பழையபடி பூசித் தரச் சொல்கிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டேன். வியாபாரத்துக்கு எடுத்த சேவை நுகர்வோர் சட்டத்தில் வராதாம். சொந்தப் பிழைப்புக்கு நானே நடத்தும் கடை என்பதால் வாதாட இடம் உண்டு என்கிறார் தெரிந்த வக்கீல். பில் எங்கே என்று கேட்டார். பில்லா? வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சீலர், லேக்கர், பாயிண்டிங் எல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் இல்லாமல் அட்வான்ஸ் தராதீர்கள். டிசைனர் முன்பு முடித்த கடைக்கு ஒரு மழை நாளில் போய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். சிமெண்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விடுகிறார்களா என்று கூடவே நில்லுங்கள்.

துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் என்கிறார்கள். காட்டன் சேலையில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பார்டர் சாயம் போகுமா?