ஸ்கார்லெட் 2ஐ2: வீட்டிலேயே பல தட ஒலிப்பதிவு

குரலையும் மிருதங்கத்தையும் வீட்டுக் கணினியில் தனித்தனித் தடங்களாகப் பதிய விரும்புவோருக்கு, ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2 ஒலி இடைமுகத்தை (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் மென்பொருளை நிறுவி, பஃபரை, அதாவது கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் அளவை, 128 சாம்பிளுக்குக் குறைத்தபின், முன்பு கணினியின் சொந்த ஒலி அட்டை வழியாக ஹெட்ஃபோனில் பிந்தி வந்து தாளத்தைக் குலைத்த என் குரல், பாடிய கணத்திலேயே கேட்டது. 48 வோல்ட் மின்சாரம் தருவதால், அது தேவைப்படும் கண்டென்சர் மைக்கையும் நேரடியாக இணைக்கலாம்; ஒலி அளவு மீறினால், குமிழைச் சுற்றியுள்ள பச்சை வளையம் சிவப்பாகிறது.

ஆனால் மைக் உள்ளீடுகள் இரண்டே. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்துவிட்டால் பாடகருக்கு இடமிருக்காது என்பதால், சேர்ந்து வாசிப்போர் எட்டு உள்ளீட்டுக் கருவியையே நாட வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுத் தரத்தில் ஒரு மோனோ (ஒற்றை ஒலி) தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும். எனவே பதிவுகளுக்கெனத் தனி எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) ஒதுக்குவது நல்லது.