நிற்காத நாற்பது நிமிடம்: மசாயுகி தகயானகியின் ‘லா கிரிமா’

ஜப்பானின் நரிதா விமான நிலையத்துக்காகத் தங்கள் நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்து உழவர்கள், மாணவர்களின் துணையோடு போராடிக்கொண்டிருந்த சன்ரிசுகாவில் 1971 ஆகஸ்டில் ஓர் இசைவிழா நடந்தது. அங்கே கித்தார் கலைஞர் மசாயுகி தகயானகியின் ‘நியூ டைரக்‌ஷன்’ குழு வாசித்ததன் பதிவுதான், 2007இல் டவுட்மியூசிக் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் குறுந்தகடாக வெளியிட்ட ‘லா கிரிமா’. கூட்டம் அன்று கூச்சலிட்டது. மேடையை நோக்கிக் கைக்குக் கிடைத்ததை எறிந்தது. குழு நிறுத்தவில்லை.

ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு ஒரே உருப்படி. கித்தாருடன் கென்ஜி மோரியின் ஆல்ட்டோ சாக்ஸஃபோன், ஹிரோஷி யமசாகியின் டிரம்ஸ், அவ்வளவே. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஒலியை அடர்த்தியாகக் கொட்டும் முறைக்குத் தகயானகி ‘மாஸ் புரொஜெக்‌ஷன்’ என்றும், இடைவெளிகளை மதித்து மெல்ல நகரும் முறைக்கு ‘கிராஜுவலி புரொஜெக்‌ஷன்’ என்றும் பெயரிட்டிருந்தார். இது முதல் வகை. முதன்முறை கேட்டபோது ஒரு பெருஞ்சுவர் மட்டுமே என் காதில் விழுந்தது. பிறகு ஹெட்ஃபோனில் ஒலியளவைச் சற்றுக் குறைத்து, யமசாகியின் சிம்பல்களை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அப்போதுதான், வெறும் இரைச்சல் என்று நான் ஒதுக்கிய கித்தாரின் கீறல் அந்த அடிகளுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே போவது புலப்பட்டது.

அந்தக் காது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே விடை. 1932இல் டோக்கியோவில் பிறந்த அவர், அமெரிக்கப் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோவின் கட்டுப்பாடான ஜாஸைக் கற்றுத் தேர்ந்தவர். ஸ்பானிய மொழி பேசும் அர்ஜென்டினாவின் நடன இசையான தாங்கோவுக்கென்றே தனிக்குழு நடத்தியவர். ஸ்பானிய மொழியில் கண்ணீர் என்று பொருள்படும் தலைப்பை இந்த ஆரவாரத்துக்கு அவர் சூட்டியிருப்பது, அந்தத் தாங்கோ பித்தை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. 1980களில் கித்தாரை மேசையில் கிடத்தி, கருவிகளால் உரசியும் தட்டியும் ‘ஆக்‌ஷன் டைரக்ட்’ என்ற பெயரில் தனியாளாக இரைச்சலை எழுப்பினார். அவரிடம் பயின்ற ஒட்டோமோ யோஷிஹிதே பின்னாளில் அதே துறையில் பெயர் பெற்றார். தகயானகி 1991இல் மறைந்தார்.

குறையும் உண்டு. திறந்தவெளிப் பதிவு என்பதால் ஒலி கரடுமுரடானது. தாழ்ந்த சுரங்களைத் தரும் பாஸ் கருவி இல்லாததால் கீழ்த்தளம் வெறுமையாக இருக்கிறது. சாக்ஸஃபோன் கித்தாரை விழுங்கிவிடும் இடங்கள் சில உண்டு, அங்கே நான் பொறுமையிழந்தேன். தகயானகியை இதுவரை கேட்டிராதவர் இதை முதலில் வாங்க வேண்டாம். 1982இல் வெளியான தனிக்கித்தார் தொகுப்பான ‘லோன்லி வுமன்’ நல்ல தொடக்கம்; ஒவ்வொரு தந்தியையும் அவர் எவ்வளவு அளந்து தொடுகிறார் என்று அதில் கேட்டுவிட்டு இதற்கு வந்தால், சன்ரிசுகாவில் அவர் எதையெல்லாம் வேண்டுமென்றே கைவிட்டார் என்பது விளங்கும்.