கையால் எழுதிய இணையதளம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடலூர் வரலாறு குறித்து நான் நடத்தும் சிறு இணையதளத்துக்கு ஆயத்த வார்ப்புரு எதையும் வாங்கவில்லை. பக்கத்தின் பகுதிகளைக் குறிகளால் (டேக்) சுட்டும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலைப்படி நானே எழுதினேன். தொடக்கத்தில் எழுதிய பக்கங்கள் ஒரு வரிகூட மாறாமல் இன்றைய உலாவிகளிலும் சரியாகத் திறக்கின்றன. ஆனால், இந்த வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மூலம் கேட்கிறார். அதை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். மென்பொருள் இலவசம், தமிழ்க் குரலும் அதனுடனேயே வருகிறது. இருந்தாலும், பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் முதல் குறியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காக அந்தக் குறிப்பை ஒருமுறை நீக்கினேன். ஆங்கிலக் குரல் கட்டுரைக்குள் புகுந்தது. ஒரு தமிழ்ச் சொல்கூட உருப்படியாகக் காதில் விழவில்லை. குறிப்பைத் திரும்பச் சேர்த்ததும் தமிழ் ஒலித்தது. தமிழில் தளம் நடத்துபவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிட வேண்டும்.

அவர் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்பதில்லை. எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறார். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துக் காட்டினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. தலைப்புக் குறியில் எழுதினால்தான் அவருடைய விரலுக்கும் அகப்படும்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம், எழுதுவதில்தான் அதிக நேரம் செலவாகிறது. கடலூரின் புனித டேவிட் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள ஊர்களும் விலையில் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. இதை விளக்க ஒரு வரைபடம் வரைந்திருந்தேன். ‘கோட்டையைச் சுற்றிய ஊர்கள்’ என்று அதற்கு மாற்று உரை கொடுத்திருந்தேன். அவர் கேட்டுவிட்டு, “தம்பி, எந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. வரைபடத்துக்குக் கீழே ஊர், திசை, தொலைவு என மூன்று நெடுவரிசைகளோடு அட்டவணை ஒன்றைச் சேர்த்தேன். நெடுவரிசைத் தலைப்புகளை முறையாகக் குறித்ததால், கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது தலைப்பையும் சேர்த்தே திரைவாசிப்பான் வாசிக்கிறது. கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அலுத்தவர்களும் இப்போது அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள்.

நிறத்தில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதிச் சுவர்களின் மஞ்சளும் வெள்ளையும் தளத்தில் வர வேண்டும். ஆனால், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கின்றன டபிள்யூசிஏஜி அணுகல் வழிகாட்டுதல்கள். வெள்ளையில் தூய மஞ்சள் 1.07:1 தான். ஆகவே மஞ்சளைப் பின்னணியாக்கி, எழுத்தை அடர்பழுப்பில் வைத்தேன். உச்சி வெயிலில் வெள்ளிக் கடற்கரையில் நின்றுகொண்டும் படிக்க முடிகிறது.

தமிழுக்கென்று சில கவனங்கள் தேவை. மேலும் கீழும் நீளும் எழுத்துகள் மோதாதிருக்க வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். இருபுறமும் சீராக்கினால், நம் நீண்ட சொற்களால் வரிக்கு நடுவே ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்ற விதி டபிள்யூசிஏஜியின் 2018இல் வந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. இதற்காக நீண்ட சொற்களை மடிக்க சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதை ஒட்டிய நாட்களில் கைப்பேசி அலைவரிசை வருவதும் போவதுமாக இருந்தபோதும் என் பக்கங்கள் திறந்தன. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லை, எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியதில்லை, எழுத்துதான் முதலில் வருகிறது.

குறையும் இருக்கிறது. பக்கங்களின் இணைப்புப் பட்டியில் ஓர் இணைப்பைக் கூட்டினால் எல்லாப் பக்கங்களிலும் மாற்ற வேண்டும். மாதம் ஒரு கட்டுரை எழுதும் எனக்கு இது சுமையில்லை. தினமும் எழுதுபவர்கள் பக்கங்களைத் தானாகத் தொகுத்துத் தரும் கருவி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அது வெளியிடும் எச்டிஎம்எல்லை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்து, மொழிக் குறிப்பும் தலைப்புக் குறிகளும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.