மூன்றாம் ஆண்டோடு கிளம்புவதா, இன்னோர் ஆண்டு இருப்பதா: கல்லூரிக் கால்பந்து வீரரின் ஜனவரிக் கணக்கு

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டத்தில் ஜனவரி நடுப்பகுதி என்பது ஆட்டம் முடிந்து கணக்குப் பார்க்கும் காலம். உயர்நிலைப் பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்த வீரர் எவரும், கல்லூரியில் ஆடும் தகுதி இன்னும் மீதமிருந்தாலும், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, தம் பெயரைக் கொடுக்கலாம். கொடுத்தால் கல்லூரி ஆட்டம் முடிந்தது. கொடுக்காவிட்டால் இன்னோர் ஆண்டு அதே சீருடை, அதே வளாகம். இவ்விரண்டில் எது மேல் என்பதில் எனக்குத் தெளிவான சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்பந்தையே மூச்சாகக் கொண்ட ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்பில் சேர்ந்து, முதுகலைப் பட்டத்தோடு அதை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். ஆகவே கிளம்புகிறவர்கள் பக்கம் என் மனம் இயல்பாகவே சாய்கிறது. அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முதல் இரண்டு சுற்றுகளுக்குள் எடுக்கப்படுவார் என்று நம்பத் தகுந்த காரணம் உள்ள வீரர் கிளம்புவதே சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

மூன்றாண்டு விதியை உடைக்க முயன்றவர்களும் உண்டு. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மொரீஸ் கிளாரெட் 2003இல் வழக்குத் தொடுத்து, 2004இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் மேல்முறையீட்டில், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற சோனியா சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பு அந்த வெற்றியைப் பறித்துக்கொண்டது. எனவே முடிவெடுக்கும் உரிமை மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் கைக்கு வருகிறது. நம் ஒப்பீடும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டிராஃப்டை ஐ.பி.எல். ஏலம் போல எண்ணிக்கொண்டால் இந்தக் கணக்கு புரியாது. ஏலத்தில் இரண்டு அணிகள் போட்டி போட்டால் விலை ஏறும். டிராஃப்டில் போட்டிக்கு இடமே இல்லை. 32 அணிகள் வரிசைப்படி ஏழு சுற்றுகளில் ஆட்களை எடுக்க, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே வீரரின் விலையை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. 2011இல் லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கை இதை இன்னும் இறுக்கியது. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டுமே 5 கோடி டாலர். மறு ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் முழுவதும் சேர்த்தே 2.2 கோடி டாலர்தான். ஒரே ஆண்டு இடைவெளியில் முதல் தேர்வான புதுமுகத்தின் கூலி பாதிக்கும் கீழே போனது. அந்தப் பணம் எங்கே போனது என்பதில்தான் இந்த அலசலின் மையம் இருக்கிறது. அதற்கு முன், எல்லாரும் சொல்லும் இரண்டு காரணங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

முதலாவது பட்டப்படிப்பு. இது பெற்றோருக்கு உறுத்தும் காரணம். ஆனால் முடிவைத் தீர்மானிக்கத் தக்கதன்று. மூன்றாமாண்டு மாணவர்களுக்கு லீக் கதவு திறந்த 1990ஆம் ஆண்டிலேயே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பிய எம்மிட் ஸ்மித், 1996இல் திரும்பி வந்து பட்டத்தை முடித்தார். பட்டம் காத்திருக்கும், கால்கள் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, படிப்புக்காகத் தங்குவதாகச் சொல்லப்படும் ஆண்டில் உண்மையில் எவ்வளவு படிப்பு நடக்கிறது என்பதும் கேள்விதான். 2005இல் இன்னோர் ஆண்டு தங்கிய, யு.எஸ்.சி. எனப்படும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேட் லைனார்ட், அந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்ட ஒரே பாடம் ஜோடி நடனம்.

இரண்டாவது காயம். அதே யு.எஸ்.சி.யில் 2012இல் தங்கிய மேட் பார்க்லி, முதல் சுற்று நிச்சயம் என்று பேசப்பட்டவர். பருவத்தின் இறுதியில் தோளில் அடிபட்டு, நான்காம் சுற்றில் 98ஆம் ஆளாகப் போனார். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜேக் பட் இன்னோர் ஆண்டு இருந்து, கடைசி ஆட்டமான ஆரஞ்சு பவுலில் முழங்கால் தசைநார் கிழிந்து ஐந்தாம் சுற்றுக்கு இறங்கினார். டிராஃப்டில் இடம் சரிந்தால் ஈடு தரும் மதிப்பிழப்புக் காப்பீடு இருந்ததால் அவருக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது என்பது ஆறுதல். இறங்கிய சுற்றுகளின் இழப்பை அது ஈடு செய்யாது. ஆயினும் கிளம்பிய வீரர் தொழில்முறை ஆட்டத்திலும் அதே அடியை வாங்கலாம். காயம் இரு தட்டிலும் இருக்கும் எடை. அடிபடும் நாளில் கையில் எந்த ஒப்பந்தம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இனி எனக்கு முக்கியமாகப் படும் ஒன்றுக்கு வருகிறேன்: இரண்டாவது ஒப்பந்தம்.

2011 உடன்படிக்கையின்படி டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நான்காண்டு ஒப்பந்தம். முதல் சுற்றுக்காரருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாவது பருவம் முடியும் வரை அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத யாருக்கும் அனுமதி இல்லை. எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும், லீகின் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கினாலும், முதல் மூன்று ஆண்டுகள் வீரர் வாங்குவது டிராஃப்டு நாளன்று எழுதப்பட்ட கூலியைத்தான். உண்மையான விலை நான்காம் ஆண்டின் வாசலில்தான் பேசப்படுகிறது. புதுமுகங்களிடமிருந்து 2011இல் எடுக்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதி அந்த வாசலுக்கு அப்பால்தான் போய்ச் சேர்ந்தது. அப்படியென்றால் கல்லூரியில் தங்கும் கூடுதல் ஆண்டு, பலரும் நினைப்பது போல, ஒரு புதுமுக ஆண்டின் சம்பளத்தை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. மூன்றாண்டு காத்திருப்பைத் தொடங்கும் கடிகாரத்தையே ஓராண்டு தள்ளிவைக்கிறது. உடல் என்றோ ஒருநாள் ஆட்டத்தை நிறுத்தத்தான் போகிறது. அந்த நாள் கல்லூரியில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆக, இழக்கப்படுவது வாழ்வின் மறுமுனையில் உள்ள ஓராண்டு. அதாவது பெரிய ஒப்பந்தத்தின் ஓராண்டு.

ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வோம். வீசிய பந்தைப் பிடித்து ஓடும் வைட் ரிசீவர்; எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2019இல் சாம்பியன் பட்டம் வென்று, மூன்றாம் ஆண்டோடு கிளம்பியவர். 2020 டிராஃப்டில் 22ஆம் ஆளாக மின்னசோட்டா அணிக்குப் போனார்; முதல் நான்காண்டுக்கும் சேர்த்துச் சுமார் 1.3 கோடி டாலர். 2024 ஜூனில், 25ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, நான்காண்டு நீட்டிப்பாக 14 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் 11 கோடி உறுதி செய்யப்பட்டது. அவர் எல்.எஸ்.யு.வில் இன்னோர் ஆண்டு இருந்து, டிராஃப்டில் பத்து இடம் முன்னேறியிருந்தாலும், முதல் ஒப்பந்தத்தில் கூடியிருக்கக்கூடியது சில பத்து லட்சங்கள்தான். கையெழுத்து ஓராண்டு தள்ளிப்போவதன் விலை அதைவிடப் பல மடங்கு.

பந்தைச் சுமந்துகொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடியது. ஒவ்வோர் ஓட்டத்திலும் பல பேர் மோதித் தள்ளும் இடம் அது. ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து மூன்றாம் ஆண்டோடு கிளம்பிய எசேக்கியல் எலியட், 2016இல் நான்காம் தேர்வாக டல்லஸ் அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே லீகில் அதிக தூரம் ஓடினார். மூன்று பருவம் முடிந்ததும் பயிற்சிக்கு வர மறுத்து, 2019 செப்டம்பரில் 24 வயதில் ஆறாண்டு, 9 கோடி டாலர் நீட்டிப்பை வாங்கிவிட்டார். 27 வயதில் டல்லஸ் அவரை விடுவித்தது. அதாவது அணிக்கு அவர் மீதிருந்த ஆசை தீர்வதற்கு முன் விலை பேச அவருக்கு நேரம் கிடைத்தது. மறுபுறம் சாக்குவான் பார்க்லி: அவரும் மூன்றாம் ஆண்டோடு கிளம்பி, 2018இல் இரண்டாம் தேர்வானார். 2020இல் முழங்கால் காயம், அதன்பின் ஐந்தாம் ஆண்டு உரிமை, அதன்பின் ஓராண்டு ஒப்பந்தம் என இழுபட்டு, 27 வயதில் ஃபிலடெல்ஃபியா அணியில்தான் பல்லாண்டு ஒப்பந்தம் கண்டார். சீக்கிரம் கிளம்பியது அவருக்குப் பணத்தை உறுதி செய்யவில்லைதான். ஆனால் இடையில் ஓர் அவகாசத்தைத் தந்தது. 22 வயதில் தொடங்கியிருந்தால் அந்த அவகாசமும் குறைந்திருக்கும்.

இப்போது தங்குவோரின் தரப்பு. இதை 2021க்கு முன் எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அவ்வாண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து, வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் பெற, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. இணங்கியது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற சமரசத்தால் பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்கு வருவாயைப் பங்கிடலாம் என்றானது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இதன் விளைவு பட்டியலிலேயே தெரிகிறது. 2021 டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் நூற்றிருபதுக்கும் மேல். 2024இல் அறுபதுக்கும் கீழ். லீகின் குறைந்தபட்சப் புதுமுகச் சம்பளம் 2025இல் 8,40,000 டாலர். ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட வேண்டிய ஒருவர், பெரிய பல்கலைக்கழகத்தில் அதற்கு இணையாகவோ கூடுதலாகவோ பெற முடியுமானால், அவரைக் கிளம்பச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. கடிகார வாதம் அவருக்குப் பொருந்தாது. ஏனெனில் பின்சுற்று வீரர்களில் பலர் இரண்டாவது ஒப்பந்தம் வரை நிலைப்பதில்லை. நிலைக்காத கடிகாரத்தை முன்கூட்டி ஓடவிட்டு என்ன பயன்?

குவார்ட்டர்பேக் நிலை இதைவிட வேறு. அங்கே சில இடங்களின் வேறுபாடு பெரும் வேறுபாடு; நீண்ட காலம் ஆட முடிவதால் ஓராண்டு தாமதத்தின் அடியும் மெல்லியது. ஜெஃபர்சனுக்குப் பந்து வீசிய ஜோ பர்ரோ 2019 வசந்தத்திலேயே டிராஃப்டுக்குப் போயிருக்கலாம். அப்போது அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. தங்கினார், எதிரணியின் எல்லைப் பகுதியில் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் டச்டவுன்களில் 60ஐ வீசினார், 2020இன் முதல் தேர்வானார், 2023இல் ஐந்தாண்டு, 27.5 கோடி டாலர் வாங்கினார். கேம் வார்ட் 2024 ஜனவரியில் டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்து, சில நாளில் மனம் மாறி மயாமி பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார். மறு ஆண்டின் முதல் தேர்வு அவர்தான், ஒப்பந்தம் 4.8 கோடி டாலருக்கு மேல். எதிர்த்திசையில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் குவின் யூவர்ஸ், இன்னோர் ஆண்டு கல்லூரியில் ஆடத் தகுதி இருந்தும் 2025 டிராஃப்டுக்குப் போய், ஏழாம் சுற்றில் 231ஆம் ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். வேறு பல்கலைக்கழகம் சென்றிருந்தால் அந்த ஓராண்டில் அதைவிடப் பெரிய தொகை கிடைத்திருக்கும் என்பதே அன்றைய பேச்சு. தங்கிய குவார்ட்டர்பேக்குகள் எல்லாருக்கும் வாய்த்ததா என்றால் இல்லை: மேற்சொன்ன லைனார்ட், முதலாவதாகப் போகக்கூடியவர் என்று பேசப்பட்டு, தங்கிய பின் பத்தாவதாகப் போனார். ஆயினும் இந்த ஓரிடத்தில் மட்டும் தங்குவதன் பக்கம் நான் சாய்வேன்.

முன்வரிசைத் தடுப்பாளர்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம். அவர்கள் நெடுங்காலம் ஆடுகிறவர்கள். இன்னோர் ஆண்டு உடல் தேறுவது அவர்களுக்கு மெய்யான ஆதாயம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதில் பொருள் இருக்கலாம். கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தது பெரும்பாலும் பந்தைத் தொடும் ஆட்களையே என்பதால், கடிகார வாதத்தை அவர்கள் மேல் அழுத்தமாக ஏற்ற மாட்டேன்.

ஆக, நடைமுறையில் எல்லாம் லீகின் ஆலோசனைக் குழு தரும் ஒற்றைவரிப் பதிலில் போய் நிற்கிறது. பெயர் கொடுக்கும் முன் வீரர் கேட்டால் அது சொல்லும் பதில்கள் மூன்றே: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கல்லூரியிலேயே இரு. ரன்னிங் பேக்குக்கோ வைட் ரிசீவருக்கோ முதல் இரண்டில் ஒன்று வந்தால், அன்றே பெட்டியைக் கட்டலாம். குவார்ட்டர்பேக்குக்கு ‘இரண்டாம் சுற்று’ வந்தால் தங்கலாம். ‘இரு’ என்ற பதில் யாருக்கு வந்தாலும், உள்ளூரில் எத்தனை பேர் தோளில் தட்டிச் சொன்னாலும், அதை மீறுவது இன்றைய கூலி நிலவரத்தில் வீண் துணிச்சல். பெயரைக் கொடுத்துவிட்டு மனம் மாறுவோருக்கு, கெடு முடிந்தபின் மூன்று நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் டிராஃப்டுக்கான முகவருடன் ஒப்பந்தம் போட்டிருக்கக் கூடாது. கிளாரெட்டின் முதல் வெற்றியை நம்பி முகவரை அமர்த்திக்கொண்ட யு.எஸ்.சி.யின் மைக் வில்லியம்ஸ், மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பின் கல்லூரிக்கும் திரும்ப முடியாமல், லீகிலும் நுழைய முடியாமல், 2004 பருவம் முழுவதையும் வெளியில் உட்கார்ந்தே கழித்தார்.