ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றுவதா, ஸ்கேனர் போடுவதா, டெஸ்ட் லைட் பிடிப்பதா?

பதினைந்து இருபது வருஷம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி அத்துப்படி. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஆஃப் ஆகிவிடும். ஓரங்கட்டி அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கண் முன்னால் மட்டும் நிற்கவே நிற்காது. "நல்லாத்தானே ஓடுது சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்க நம் ஊரில் மூன்று வழிகள் புழங்குகின்றன. சந்தேகப்படும் பார்ட்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, ஸ்கேனரைச் சொருகி கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு நம்பர்) எடுப்பது, வண்டி செத்துக் கிடக்கும் நேரத்திலேயே டெஸ்ட் லைட் (ஒயரில் கரண்ட் வந்தால் எரியும் பல்பு), பிரஷர் கேஜ் (பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டர்) வைத்துச் சோதிப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதுதான். வண்டி நின்று கிடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில்தான் கோளாறு கையும் களவுமாக மாட்டும். அதைத் தவறவிட்டுவிட்டு மறுநாள் வொர்க்‌ஷாப்பில் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அது பெரும்பாலும் யூகத்துக்குக் கொடுக்கிற கூலிதான். ஆனால் எல்லா வண்டிக்கும் எல்லா நேரத்துக்கும் இதே பதில் என்றும் இல்லை. நான் பேசுவது முக்கியமாக 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளை, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளைப் பற்றி. கார்பரேட்டர் வண்டிக்குக் கடைசியில் வருகிறேன்.

பார்ட்ஸ் மாற்றும் வழி எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் பிளக், அப்புறம் பிளக் ஒயர், ஃப்யூவல் ஃபில்டர், ஸ்பார்க்குக்கு வோல்ட்டேஜ் ஏற்றும் காயில், பெட்ரோல் பம்ப், அதற்குள் பர்ஸ் காலி. இதில் செலவை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எப்போதாவது வரும் கோளாறு என்பதால், எதை மாற்றினாலும் ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடும். ஃபில்டர் மாற்றியதும் சரியாகிவிட்டது என்று நம்புவோம். அடுத்த செவ்வாய்க்கிழமை மேம்பாலத்தின் நடுவில் நிற்கும். அதாவது, மாற்றிய பார்ட் சரியா தப்பா என்று இந்த வழியில் நமக்குப் பதிலே கிடைப்பதில்லை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றி வைத்திருக்கும் பழைய சென்சாரை வாங்கிப் போட்டால் கதை இன்னும் மோசம். அதுவும் அதே வயசான வண்டியிலிருந்து வந்ததுதானே, சூடானால் அதே மாதிரி மடக்கும்.

இருந்தாலும் இந்த வழியைச் சுத்தமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பிளக்கும் ஃபில்டரும் கிலோமீட்டர் கணக்கில் எப்படியும் மாற்ற வேண்டியவை, மாற்றிவிடுங்கள். பம்புக்குக் கரண்டை ஆன் ஆஃப் பண்ணும் பம்ப் ரிலேவைச் சோதிக்கக் காசே வேண்டாம், பல வண்டிகளில் ஹாரன் ரிலேவும் அதே மாடலாகத்தான் இருக்கும். ரிலேயின் பின்களும் நம்பரும் ஒத்துப்போனால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு ரிலேவில் என்றால் இனி வண்டி நிற்காது, ஹாரன்தான் எப்போதாவது ஊமையாகும். 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேவுக்குள் (என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது) இருக்கும் ஈயப் பற்று விரிசல் விட்டு, வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம். அந்த மாதிரி வண்டிக்கென்றே பேர் போன கோளாறு ஏதாவது இருந்தால் அதை முதலில் மாற்றுவது தப்பே இல்லை.

ஸ்கேனர் விஷயத்துக்கு வருவோம். சில நூறு ரூபாய்க்கு புளூடூத் டாங்கிள் கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் போதும், வண்டியே வாய் திறந்து சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முதல் முட்டுக்கட்டை வண்டியின் வயசு. அமெரிக்காவில் 1996 முதலே ஓபிடி-2 (எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான கோளாறு சோதனை முறை) கட்டாயம். இந்தியாவில் ஓபிடி-1 வந்ததே 2010-ல், ஓபிடி-2 வந்தது 2013-ல். அதற்கு முந்தைய வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே பதினாறு பின் சாக்கெட் இருக்கலாம், சொருகவும் முடியலாம், ஆனால் டாங்கிள் பேசும் பாஷை என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் புரியாமல் போகலாம். அப்போது அந்தந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஈசியூவுக்குத் தன்னிடம் வரும் சிக்னல்கள் மட்டும்தான் தெரியும். பம்ப் ரிலேவை ஆன் பண்ணச் சொல்லி அது உத்தரவு போடும். பம்ப் உண்மையிலேயே சுற்றியதா, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் (ஃப்யூவல் ரெயில்) மூன்று பார் பிரஷர் வந்ததா என்பது இந்த வயசு வண்டிகளில் அதற்குத் தெரியவே தெரியாது, அங்கே பிரஷர் சென்சாரே கிடையாது. அதனால் பம்ப் மடக்கி வண்டி நின்றிருந்தாலும் ஸ்கேனரில் கோடு எதுவும் இல்லாமல் சுத்தமாக வரும். என்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் இப்படித்தான் ஏமாற்றும். சிக்னல் ஒரேயடியாக அறுந்துபோனால், என்ஜின் தானாக நின்றுவிட்டது என்று ஈசியூ நினைத்துக்கொண்டு கோடு எழுதாமலே விட்டுவிடுவதுண்டு. கிராங்க் சென்சாருக்கான P0335 கோடு வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் சென்சார் நல்லது என்று அர்த்தமில்லை.

அப்படியானால் ஸ்கேனர் தண்டமா? இல்லை. கோடைப் பார்க்காமல் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்தக் கணத்தில் சொல்லும் அளவுகளைப் பார்த்தால் அது வேறு ஆள். வண்டி நின்ற இடத்திலேயே செல்ஃப் அடித்துக்கொண்டு ஆர்பிஎம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். செல்ஃப் மோட்டார் என்ஜினை நன்றாகச் சுற்றுகிறது, திரையில் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோதான் முதல் குற்றவாளி. கூலண்ட் டெம்பரேச்சர் மைனஸ் 40 என்று காட்டினால், மதுரை மத்தியான வெயிலில் அது சாத்தியமில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது. ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) பிளஸ் இருபதைத் தாண்டி நின்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை.

சிக்னலில் நிற்கும்போது, ஏசி போட்டதும், முக்கிக்கொண்டு ஆஃப் ஆகிறது, ஓட்டத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை என்ற வகைக்கு ஸ்கேனர்தான் சிறந்தது என்பேன். அங்கே குற்றவாளிகள் என்ஜினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது காற்று விடும் ஐடில் ஏர் வால்வு, வெடித்த வேக்குவம் ஹோஸ் போன்றவர்கள். இவர்கள் எல்லோரும் லைவ் டேட்டாவில் தெரிவார்கள். பலருக்கு த்ராட்டில் பாடியைக் கிளீன் செய்தாலே முடிந்துவிடும். கிளீன் செய்தபின் சில வண்டிகளுக்கு ஐடில் ரீசெட் தேவை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டு முன்னை விட மோசமாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு.

இனி மூன்றாவது வழி. இதற்கு முதலில் வேண்டியது கருவி இல்லை, கவனம். வண்டி எப்படிச் செத்தது? சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா, இரண்டு மூன்று தடவை ஜெர்க் அடித்து, பிக்கப் குறைந்து, இழுத்துக்கொண்டு நின்றதா? பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம்: கிராங்க் சென்சார், மெயின் ரிலே, காயிலுக்கு வரும் சப்ளை, இக்னிஷன் சுவிட்ச். இழுத்து நின்றால் பெட்ரோல் பக்கம். கியரில் இருக்கும்போதே ஆஃப் ஆனால், கிளட்சை மிதிக்காத வரை சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஓரிரு விநாடியில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். என்ஜின் சுற்றும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால் பெரும்பாலும் ஈசியூவுக்கு கிராங்க் சிக்னல் போய்விட்டது, இல்லை ஈசியூவுக்கே கரண்ட் போய்விட்டது. முள் என்ஜினோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பம்ப் பக்கம் போங்கள். ஒன்று மறக்க வேண்டாம், என்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான். பம்ப் பண்ணாமல் ஒரே மிதியாக மிதித்து ஓரங்கட்டுங்கள், சாவியை லாக் வரை திருப்பிவிடாதீர்கள். முள்ளைப் பார்ப்பதை விட இதுதான் முக்கியம்.

ஓரங்கட்டியாயிற்று, ஹசார்ட் போட்டாயிற்று. இப்போதுதான் வேலை. சாவியை ஆன் பண்ணிப் பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும். சத்தம் இல்லையா, ஒருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலாலோ செருப்பாலோ இரண்டு தட்டுத் தட்டுங்கள். உயிர் வந்தால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது, இனி சந்தேகமே வேண்டாம். சத்தம் இருந்தால் ஸ்பார்க் டெஸ்டரை ஒரு பிளக் ஒயரில் மாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயரைக் கையில் பிடித்து ஷாக் வாங்கிக் காட்டுகிற வீரம் வேண்டாம். ஸ்பார்க் நன்றாக வருகிறது, பம்பும் ஓடுகிறது என்றால் பிரஷர் கேஜைத்தான் கேட்க வேண்டும். ஸ்பார்க்கும் இல்லை, பம்பும் செல்ஃப் அடிக்கும்போது ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று யோசியுங்கள். கிராங்க் சிக்னல், மெயின் ரிலே, இந்த இரண்டில் ஒன்று.

சூடானால் மடக்கி ஆறினால் ஓடுகிற கிராங்க் சென்சாருக்கு ஒரு பச்சைத் தண்ணீர் வைத்தியம் உண்டு. நின்ற உடனே, சென்சார் மேல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். அரை மணி நேரம் ஆகும் வண்டி இரண்டு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் முடிந்தது வழக்கு. வீட்டில் செய்வதானால் தலைகீழாக, நிறுத்திய வண்டியில் என்ஜினை ஓடவிட்டு ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடேற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய காயில் சுற்றிய வகை சென்சார் என்றால் மல்டிமீட்டரில் ஓம் (ரெசிஸ்டன்ஸ்) பார்த்துக்கொண்டே சூடேற்றலாம், சூட்டில் ஓம் எகிறி இணைப்பே அறுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். உள்ளே எலக்ட்ரானிக் சிப் வைத்த ஹால் வகை என்றால் ஓம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டாஷ்போர்டு பல்பு. பம்புக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரிலிருந்து சின்ன ஃபியூஸ் வைத்து ஒரு ஒயரை இழுத்து, டாஷ்போர்டில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் லைட் மாட்டுங்கள். காயிலுக்கு வரும் சப்ளையிலிருந்து அதே மாதிரி இன்னொன்று. அப்புறம் வழக்கம்போல ஓட்டுங்கள். நின்ற அந்தக் கணத்தில் எந்த லைட் அணைந்தது என்று பார்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது மெயின் ரிலே. பம்ப் லைட் மட்டும் அணைந்தால் பம்ப் ரிலே, அதன் ஃபியூஸ், ஒயர், கிராங்க் சிக்னல். இரண்டும் எரிந்துகொண்டே வண்டி செத்தால் பம்ப், ஃபில்டர், எர்த் என்று தேட வேண்டும். நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது. ஓர் எச்சரிக்கை, டெஸ்ட் லைட் சப்ளை ஒயர்களுக்கு மட்டும்தான். சென்சார் ஒயரிலும் ஈசியூ சிக்னலிலும் அதை வைத்தால் ஈசியூவே போய்விடலாம், அங்கே மல்டிமீட்டர்தான். அதேபோல் பிரஷர் கேஜை ஓட்டிக்கொண்டே பார்க்க ஆசைப்பட்டால், முன்கண்ணாடிக்கு வெளியே கட்டிவையுங்கள், பெட்ரோல் ஹோஸ் கேபினுக்குள் வரவே கூடாது. மேடேறும்போதோ நாற்கர சாலையில் மிதிக்கும்போதோ முள் சரிந்தால் ஃபில்டரோ பம்போதான்.

இக்னிஷன் சுவிட்ச் என்றதும் ஒரு விஷயம். வீட்டுச் சாவி, பீரோ சாவி, முருகன் டாலர் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கவிடுகிறவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுங்கலோ போதும், சுவிட்ச் தானாக நழுவி என்ஜினும் ஏர்பேக்கும் சேர்ந்து அணைந்தன, 124 உயிர்கள் போனதாக நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது.

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியிலேயே அணைகிறது என்றால் இந்த மூன்று வழியும் வேண்டாம். டாஷில் சாவிப் படம் போட்ட லைட் மினுக்குகிறதா பாருங்கள், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் தெரியாமல் முழிக்கிறது. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

கார்பரேட்டர் வண்டிக்கு வந்தால் என் தீர்ப்பே மாறுகிறது. பழைய மாருதி 800, அம்பாசடர் வகையறாவில் ஸ்கேனருக்கு வேலையே இல்லை, சொருக இடமே கிடையாது. பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதன் கண்டன்ஸர் ரொம்ப மலிவு, அது சூட்டில் மடக்குவதைச் சோதித்துக் கண்டுபிடிக்கிற நேரத்தில் புதுசு வாங்கிப் போட்டுவிடலாம், ஆகவே இங்கே பார்ட்ஸ் மாற்றுகிறவர்தான் புத்திசாலி. கத்திரி வெயிலில் டிராஃபிக்கில் ஊர்ந்த பிறகு நின்றால், லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகி பம்ப் காற்றைக் குடிக்கிறது. அம்பாசடர் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியது சும்மா இல்லை. பெட்ரோல் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எதிலும் சிக்காத வண்டிகள் மிச்சம் இருக்கும். அவற்றுக்கு, வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், ஒயரிங் கட்டை ஒவ்வோர் இடமாக மெதுவாக ஆட்டுங்கள், ஒவ்வொரு கனெக்டரையும் லேசாக அசையுங்கள். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை முதலில், ஏனென்றால் அதன் போல்ட் துருப்பிடித்திருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எந்த இடத்தை அசைத்தபோது என்ஜின் தடுமாறியதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எலக்ட்ரீஷியனிடம் அந்த இடத்தை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள், மொத்த ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று அவர் ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.