நுவரெலியாவில் “ஒரிஜினல் கியூபா சுருட்டு” வாங்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்கள், யாருக்காவது பரிசு கொடுக்க “ஒரிஜினல் கியூபா சுருட்டு” வாங்க நினைத்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஆட்களின் காசு 45,000 ரூபாய் போயிருக்கிறது. (புகை கூடாதென்று எனக்கும் தெரியும். அந்தப் பிரசங்கத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

தங்கச்சி மாப்பிள்ளை வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்தில் துரை (மேனேஜர்) ஓய்வு பெறுகிறார். ஸ்டாஃப் எல்லாரும் காசு போட்டு, டவுனில் சுற்றுலாக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையொன்றில் கோஹீபா என்ற பேர்போன கியூபா பிராண்டில், ரொபுஸ்டோ என்ற குட்டைத் தடி வகைப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள், 25 சுருட்டு. “கப்பல்ல வேலை செய்யிற தம்பி கொண்டாந்தது அண்ணே, டியூட்டி கட்டாத சரக்கு, அதான் இந்த விலை” என்றாராம் கடைக்காரர். 2022இல் கோஹீபா விலையை உலகம் முழுக்க ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். அசல் பெட்டி இன்று லட்சக்கணக்கில் போகும். டியூட்டியைக் கழித்தாலும் கணக்கு எங்கேயும் உதைக்கும்.

நான் துபாய் ஹோட்டல் ஒன்றின் சிகார் லவுஞ்சில் வேலை பார்த்தவன். அதனால் துரைக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினார்கள்.

பெட்டிக்குக் கண்ணாடி மூடி. அதோடு விஷயம் முடிந்தது, ஏனென்றால் கோஹீபா கண்ணாடி மூடியில் வருவதே கிடையாது. இருந்தாலும் அடிப்பக்கத்தைத் திருப்பினேன். “ஹெச்சோ என் கூபா” (கியூபாவில் செய்தது), “தோத்தால்மென்தே அ மானோ” (முழுக்கக் கையால்) என்ற ஸ்பானிய வரிகள் மரத்தில் சூடுவைத்துப் பதிந்திருக்க வேண்டும், இதில் மையால் அச்சடித்திருந்தது. தொழிற்சாலைக் குறியீடு, பெட்டியில் அடுக்கிய மாதம், வருடம் எதுவும் இல்லை. 2010இல் வந்த உத்தரவாத முத்திரையில் ஹாலோகிராமும் பார்கோடும் உண்டு. இதில் ஒட்டியிருந்தது கலர் போட்டோகாப்பி. லேபிளில் வெள்ளைச் சதுரங்கள் ஒழுங்கான வரிசையில் முழுசாக நிற்க வேண்டும், இங்கே ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தன. அசல் பெட்டியில் நிறம் பார்த்துத்தான் அடுக்குவார்கள். இதில் ஒன்று கறுப்பு, பக்கத்தில் இருந்தது செம்மண் நிறம்.

மாப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. “ஒண்ண பத்தவச்சுப் பாருங்க மச்சான், உள்ளுக்கு நல்ல புகையிலையா இருக்கலாம்.”

சரி, பார்த்தோம். விரலால் உருட்டினால் ஓரிடம் பஞ்சு, ஓரிடம் கல். கையால் சுற்றிய கியூபா சுருட்டின் தலையை மேலிலையை மூன்று சுற்றாக வைத்து மூடியிருப்பார்கள். இதில் ஒரே துண்டு, பசையால் ஒட்டியது. தலையை வெட்டி, பற்றவைக்காமல் இழுத்துப் பார்ப்பதுதான் முதல் ருசி. நல்ல சுருட்டென்றால் காய்ந்த புல், மரம், கொஞ்சம் கொக்கோ என்று ஏதாவது நாக்கில் படும். இதில் பசை வாடையும் மலிவான செண்டும். பற்றவைத்ததும் மூக்கைத் துளைத்தது அமோனியா. சரியாகப் புளிக்கவைக்காத இலை அப்படித்தான் நாறும். கோஹீபாவின் உள்ளிலையில் ஒரு பகுதியை மூன்றாவது தடவையும் புளிக்கவைக்கிறார்கள், அதற்குத்தான் அந்த விலை. பொதுவாக ஒரு சுருட்டை மூன்று பங்காகக் குடித்து, ருசி எப்படி மாறுகிறதென்று பார்ப்போம். இதில் முதல் பங்கைக்கூட முடிக்க முடியவில்லை. சாம்பல் ஓரங்குலமாவது நிற்க வேண்டும், இதுவோ சட்டையில் கொட்டியது. அணைத்துவிட்டு நீளவாக்கில் கிழித்தோம். நுனி முதல் அடி வரை ஓட வேண்டிய இலை எங்கே? ஃபாக்டரியில் கூட்டிப் பெருக்கிய டஸ்ட் மாதிரி தூளும் நரம்புத் துண்டுகளும்தான்.

வாழ்நாள் முழுக்க யாழ்ப்பாணச் சுருட்டு குடித்த பெரியப்பா ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “இதுக்குக் கோடாகூடப் போடலியேடா” என்றார். கோடா என்றால் சுருட்டுப் புகையிலைக்கு ருசியேற்றப் போடும் பாணி. எங்கள் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்கிற சுருட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனால், “உடைச்ச சாமான எடுக்க மாட்டோம்” என்று முகத்தில் அடித்த மாதிரி பதில். முந்தைய நாள் ‘அண்ணே’ என்றவர் இப்போது ஏறிட்டும் பார்க்கவில்லை. பில்லில் “கிஃப்ட் ஐட்டம் 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது, சுருட்டென்றோ கோஹீபா என்றோ ஒரு சொல் இல்லை. தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆகவே காசு கொடுக்கும் முன் சாமானின் பெயரையும் எண்ணிக்கையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முத்திரையில் உள்ள எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கவும் முடியும், கடையிலேயே நின்று பாருங்கள்.

நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னோம். பில் நகலும் பெட்டியின் படங்களும் சேர்த்து எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். துரைக்கு இப்போதைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாயிற்று.