சஸ்பெண்ட், டி.சி., ஆன்லைன்: எதில் பிள்ளை தப்பிக்கும்?

பத்தாம் வகுப்புப் பையன் வகுப்பில் அடிதடியில் இறங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பள்ளிகள் கையில் எடுப்பது மூன்று வழி: சில நாள் சஸ்பெண்ட், ஒரேயடியாக டி.சி., அல்லது "வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கட்டும், பரீட்சைக்கு வந்தால் போதும்". எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியேற்றவே கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. வம்பெல்லாம் ஒன்பதிலிருந்துதான்.

பள்ளிக்கு டி.சி.தான் சுலபம். பல தனியார் பள்ளிகளில் 'நீக்கினோம்' என்று எழுதக்கூட மாட்டார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க சார், நடத்தையில 'நன்று'ன்னு போட்டுத் தர்றோம்" என்பார்கள். கேட்க நல்ல மனசு மாதிரி இருக்கும். ஆனால் காகிதத்தில் அது பெற்றோர் விருப்பம். அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது? பையனின் பெயர் எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலுக்குப் போய், இன்னொரு பள்ளி எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். ஜூனில் என்றால் சமாளிக்கலாம். பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் தயாராகும் சமயத்தில் எந்தத் தலைமையாசிரியர் அவனைச் சேர்த்துக்கொள்வார்? 2022 மே மாதம், ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணமும் டி.சி.யில் எழுதப்படும் என்று அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை, சரி. ஆனால் அந்த வரியோடு வரும் பையனுக்கு அடுத்த பள்ளியின் கதவு எவ்வளவு திறக்கும்?

சஸ்பெண்ட் இதைவிட மேல். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், திரும்பி வர ஒரு தேதி இருக்கும். குறை என்னவென்றால், இங்கே அது வெறும் லீவு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சத்துணவும் சேர்ந்து போகும். இங்கிலாந்தில் ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களுக்கு மேல் சஸ்பெண்ட் செய்ய முடியாது. முதல் ஐந்து நாளும் பள்ளி பாடம் கொடுத்துத் திருத்த வேண்டும். ஆறாம் நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு வேறு இடம் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். நிரந்தரமாக நீக்கினால் அந்தப் பொறுப்பு உள்ளாட்சிக்கு. நம் ஊரில் அந்த ஆறாம் நாள் யார் தலையிலும் விழுவதில்லை.

ஆன்லைன் நவீனமாகத் தெரியும், ஆனால் எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். 2020-ல் பள்ளி மொத்தமும் வீட்டில் இருந்ததால் ஆசிரியரும் போனில் இருந்தார். ஒரே ஒரு பையனுக்காக யார் கூகுள் மீட் திறப்பார்கள்? வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடத்தின் போட்டோ வரும், அதுவும் அப்பா வேலை முடிந்து போனோடு வீடு திரும்பிய பிறகு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் இருக்கிறது. பையன் பார்த்தானா என்று கேட்க ஆள் இல்லை. அறிவியல் செய்முறையை எந்தத் திரையிலும் செய்ய முடியாது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுபவரே அதற்கு ஒரு பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்கத்தான் வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் ஆன்லைனை ஒப்புக்கொள்வேன்: அடிபட்ட பிள்ளை அதே வகுப்பில் இருக்கிறது, விசாரணை முடியும்வரை இருவரையும் பிரித்து வைக்க வேண்டும் என்றால். அதுவும் சஸ்பெண்டுக்குள் அடங்கிய சில நாட்களுக்கு மட்டும்.

என் வரிசையில் முதலிடம் இந்த மூன்றுக்குமே இல்லை, செக்‌ஷன் மாற்றமும் கவுன்சலிங்கும்தான். அது முடியாவிட்டால் பாடத்தோடு சஸ்பெண்ட். பள்ளி ஆன்லைன் என்று சொன்னால், திரும்பும் தேதியையும் நோட்டைத் திருத்தப்போகும் ஆசிரியர் யார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அதைத் தராமல் டி.சி.க்கு லெட்டர் கேட்டால், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம்.